புகை வீட்டில் பச்சை குத்தும் பள்ளி: சுங்கை சிப்புட் திட்டம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி, மார்ச் 2

கட்டடக்கலை இறுதியாண்டு மாணவன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் கைவிடப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்தின் புகை வீட்டை, அதாவது ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்திய கட்டடத்தை, பச்சை குத்தும் கலைஞர்களுக்கான பயிற்சிப் பள்ளியாக மாற்றுவது என் ஆய்வுத் திட்டம். கூரையில் வடக்கு நோக்கிய கண்ணாடித் திறப்பு, நடுவில் வட்ட அரங்கம், சுற்றிலும் கண்ணாடிச் சுவர். வெளியே நிற்பவர்களும் இந்தக் கலையைப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. தோட்டத்தில் வளர்ந்த, கட்டடத் தொழில் தெரிந்த யாராவது சொல்லுங்கள்: இது நிற்குமா?

மார்ச் 2, இரவு

சுற்றிலும் கண்ணாடியா? குத்திக்கொள்ள வருபவர் சட்டையைக் கழற்றிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு மூன்று மணி நேரம் குப்புறப் படுத்திருப்பார், தம்பி. தோட்டச் சாலையில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். பொழுது சாய்வதற்குள் அவருடைய அம்மாவிடம் செய்தி போய்விடும்.

பாதி மருந்தகம், பாதி பட்டறை என்று நினைத்து வரையத் தொடங்குங்கள். மீதியை நாளை எழுதுகிறேன்.

மார்ச் 3

முதலில் அந்த வடக்கு வெளிச்சம். ஐரோப்பிய ஓவியக் கூடங்களுக்கு எழுதப்பட்ட விதி அது. அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே நிற்கும். வடக்கில் திறந்தால் நேர் வெயில் படாத, நிதானமான ஒளி கிடைக்கும். சுங்கை சிப்புட் இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 4.8 பாகையில். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முற்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21-இல் உச்சியிலிருந்து 18.6 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். டிசம்பர் 21 வாக்கில் 28.2 பாகை தெற்கே. உங்கள் கூரைத் திறப்பின் வழியாக ஆண்டில் ஐந்து மாதம் வெயில் நேராகக் கட்டிலில் வந்து விழும். ஒருவர் முதுகில் வெயில் துண்டு ஒன்று நகர்ந்துகொண்டே இருக்க, அதன் ஓரத்தில் மெல்லிய கோடு இழுக்கச் சொல்வீர்களா? வியர்த்தால், தோலில் ஒற்றியெடுத்த மாதிரிப் படத்தின் ஊதாக் கோடும் கலைந்துவிடும்.

கூரையை மூடிவிடுங்கள். வடக்கிலும் தெற்கிலும் சன்னல் வையுங்கள். இரண்டு மீட்டர் உயரச் சன்னலுக்கு நண்பகல் வெயிலை மறைக்க வடக்கில் சுமார் 70 சென்டிமீட்டர், தெற்கில் சுமார் 1.1 மீட்டர் இறவாரம் போதும். காலை, மாலை வெயில் பக்கவாட்டில் வரும் என்பதால் செங்குத்துத் தடுப்புகளும் வேண்டும். கிழக்கு, மேற்குச் சுவர்களில் கழிப்பறை, கிடங்கு, மாடிப்படி போன்றவற்றை ஒட்டவைத்தால் அவையே வெயிலைத் தாங்கிக்கொள்ளும்.

வகுப்பறைகளுக்கு 1984-ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகளைப் பாருங்கள். எல்லோரும் யூபிபிஎல் என்றே சொல்கிறார்கள். தரைப்பரப்பில் 20 விழுக்காடு வெளிச்சத்துக்கு, 10 விழுக்காடு காற்றுக்குத் திறப்பு. 60 சதுர மீட்டர் அறைக்கு 12 சதுர மீட்டர் சன்னல், அதில் பாதி திறக்கக்கூடியது. நடுவர்கள் கேட்கும் முதல் கேள்வியே இதுவாக இருக்கலாம்.

மார்ச் 3, மாலை

இதை எழுதும்போது இங்கே இடியுடன் மழை. புகை வீட்டின் கூரை தகரம்தானே? அதன் கீழே நின்று மாலை நேரத்தில் பாடம் நடத்திப் பாருங்கள். கூரைக்கடியில் கல்கம்பளி, அதற்குக் கீழே ஓசை உறிஞ்சும் உள்கூரை, இரண்டும் வேண்டும். போதாக்குறைக்குப் பச்சை குத்தும் காந்தச்சுருள் இயந்திரங்கள் வண்டு போல் ரீங்கரிக்கும். பத்து மாணவர்கள் ஒரே நேரத்தில் ஓட்டினால் ஆசிரியர் கத்த வேண்டும்; ஊசி தோலில் இருக்கும்போது யாரும் கத்தக் கூடாது.

(இந்த இயந்திரத்தின் பிறப்பே வேடிக்கை. அலுவலகத்தில் படியெடுப்பதற்காக எடிசன் செய்த மின்பேனா 1876-இல் காப்புரிமை பெற்றது. அந்த யோசனையைத் தோலுக்குத் திருப்பி, 1891-இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரைலி காப்புரிமை வாங்கினார். ஆக, அலுவலக எழுத்தரான கிராணியின் மேசையிலிருந்து வந்த தொழில்.)

மார்ச் 5

இன்று முக்கியமானதைச் சொல்கிறேன். கருத்துப்படம், மாதிரி, கவிதை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தரைப்படத்தில் ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். பயன்படுத்திய ஓர் ஊசி கட்டிலிலிருந்து புறப்பட்டு எங்கே போகிறது, யாரைக் கடந்து போகிறது, எந்தக் கதவு வழியாகக் கட்டடத்தை விட்டு வெளியேறுகிறது? பிறகு ஒரு நீலக் கோடு: புதிய ஊசி, ஊசி செல்லும் சுத்தமான குழாய், கையுறை எங்கிருந்து வருகின்றன? இரண்டு கோடுகளும் எங்கேயும் வெட்டிக்கொள்ளாவிட்டால் உங்கள் பள்ளி பாதி முடிந்துவிட்டது.

ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மாடியிலிருந்த பச்சை குத்தும் கூடத்தைத் திருத்தி வரையும் வேலை எனக்கு வந்தது. பெயர் வேண்டாம். அங்கே இருந்தது ஒரே தொட்டி. அதில்தான் இரத்தம் பட்ட இயந்திரப் பிடிகள் ஊறின, அதே தொட்டியின் ஓரத்தில் தேத்தண்ணீர்க் குவளைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கை கழுவும் சோப்பு, குழாய்க்குப் பின்னால் எட்டாத இடத்தில். தேத்தண்ணீர் கொடுத்தார்கள், வயிறு சரியில்லை என்று சொல்லித் தப்பினேன். உரிமையாளர் அழுக்கான மனிதர் அல்லர், நகம் வெட்டி, தலை வாரி, மிடுக்காக இருப்பார். ஒரு தொட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போன வரைபடக்காரர் அவரை அப்படி ஆக்கிவிட்டார்.

ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த பரப்பில், குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். ஆகவே உங்களுக்கு மூன்று விதத் தொட்டிகள் வேண்டும்: கை கழுவ, இரண்டு கட்டிலுக்கு ஒன்று வீதம், முழங்கையால் திறக்கும் குழாயோடு; கருவி கழுவ ஆழமான ஒன்று; தேத்தண்ணீர்க் குவளைக்கு வேறு அறையில் ஒன்று. கருவி அறை நீளவாட்டில் இருக்கட்டும். ஒரு முனையில் அழுக்கு உள்ளே வரும், கழுவப்படும், உறையிடப்படும், அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் போகும், மறுமுனையில் இருக்கும் சிறு திறப்பின் வழியாகச் சுத்தமாக வெளியே வரும். 121 பாகை செல்சியஸில் 15 நிமிடம், அல்லது 134 பாகையில் 3 நிமிடம். சூடேறவும் உலரவும் ஆகும் நேரம் தனி. அந்த நேரத்தில் மாணவர் எங்கே நிற்பார் என்பதையும் வரையுங்கள். நிற்க இடம் இல்லாவிட்டால் அழுக்குப் பக்கத்திலிருந்து சுத்தப் பக்கத்துக்குக் கையை நீட்டிவிடுவார்கள்.

மார்ச் 6

கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: இப்போதெல்லாம் ஊசியும் பிடியும் ஒருமுறைப் பொருளாகவே வருகின்றன, ஆட்டோகிளேவே தேவையில்லை, அறையை வெட்டி இடத்தை மிச்சப்படுத்தலாம் என்று.

அறை சுருங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குப்பை பெருகுமே. ஒருமுறைப் பொருள் என்றால் ஒவ்வொரு முறையும் தூக்கிப்போடும் பொருள். ஊசி, மைக்குப்பி, உறை, கையுறை, கட்டிலுக்குப் போர்த்திய நெகிழி, துடைத்த தாள். கூர்மையானவை துளைபடாத பெட்டிக்குப் போக வேண்டும்; கிருமி பட்ட கழிவு 2005-ஆம் ஆண்டுப் பட்டியலிடப்பட்ட கழிவு விதிமுறைகளில் எஸ்டபிள்யூ 404 என்ற எண்ணின் கீழ் வருகிறது. நகராண்மைக் கழகத்தின் குப்பை லாரியில் ஏற்றி அனுப்ப முடியாது. உரிமம் பெற்றவர் வந்து எடுக்கும் வரை பூட்டிவைக்க, காற்றோட்டமுள்ள, கழுவக்கூடிய, நாயும் குரங்கும் நுழைய முடியாத ஓர் அறை வேண்டும். தோட்டத்தில் குரங்குகளை மறந்து எதையும் வரையாதீர்கள்.

மார்ச் 8

புகை வீட்டுக்கு வருகிறேன். என் அப்பா பால்மரம் சீவியவர். புகை வீட்டு வேலை எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டு மாமாவுடையது. பள்ளி விட்டு வந்து அவருக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறேன். கதவைத் திறந்தால் முதலில் கண் எரியும், பிறகுதான் வரிசையாகத் தொங்கும் ரப்பர் ஷீட்டுகள் தெரியும், தேன் நிறத்தில், ஓரங்கள் மட்டும் கறுத்து. உத்தரத்தில் விரலை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் இரண்டு நாளாவது நிற்கும்.

அந்தப் பிசின்தான் உங்கள் சிக்கல். பல ஆண்டுப் புகை மரத்துக்குள்ளும் செங்கல்லுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. மேலே எந்தச் சாயம் அடித்தாலும் மழைக்காலத்தில் பழுப்பாகக் கசிந்து வரும். துடைத்துத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டிய அறைக்கு இதைவிட மோசமான சுவர் கிடையாது. மறைக்க உள்ளே இன்னொரு சுவர் எழுப்பினாலோ, புகை வீட்டைக் காப்பாற்றுவதாகச் சொல்லிவிட்டு அதைக் கண்ணில் படாமல் ஆக்குகிறீர்கள்.

என் யோசனை: புகை வீட்டை வரைகூடமாக வையுங்கள். தாள், பென்சில், நீண்ட மேசை, அவ்வளவுதான். இரத்தம் சிந்தாத எல்லாப் பாடங்களும் அங்கே. முதலாண்டு மாணவர் ஊசியைத் தொடுவதற்கு முன் மாதக்கணக்கில் கோடுதானே போட வேண்டும்? ஊசி பிடிக்கும் அறைகளைப் பின்னால் தனியாக, புதிதாக, தாழ்ந்த கூரையோடு கட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே கூரை போட்ட திறந்த நடைபாதை. அதில் நடந்து போகும்போதே கை கழுவும் இடம் வந்துவிட வேண்டும்.

மார்ச் 8, சற்றுப் பின்

கட்டடத்தையே ஊசி வடிவத்தில் கட்டலாமே என்று கேட்ட நண்பருக்கு: கட்டலாம். மைக்குப்பி வடிவத்தில் தண்ணீர்த் தொட்டியும் வையுங்கள். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மார்ச் 11

வட்ட அரங்கம். எங்கிருந்து பிடித்தீர்கள் என்று தெரிகிறது. இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகத்தின் உடற்கூற்று அரங்கம், 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. நீள்வட்டத்தில் ஆறு அடுக்கு, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் மாணவர்கள் நின்று பார்த்தார்கள். பிணத்தை அறுத்துக் காட்ட அது பொருந்தியது. குடலும் நுரையீரலும் ஆறாவது அடுக்கிலிருந்தும் தெரியும். இங்கே பார்க்க வேண்டியதோ தோலுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் ஓர் ஊசிமுனை. இரண்டாவது வரிசையிலிருந்தே ஒன்றும் தெரியாது, ஆசிரியரின் தலைதான் தெரியும். படுத்திருப்பவரும் பிணமில்லை, வளையமாக நின்று குனியும் முகங்களை அவரும் பார்ப்பார்.

கட்டிலுக்கு மேலே ஒரு கேமரா, சுவரில் ஒரு திரை, கட்டிலைச் சுற்றி நாலைந்து பேர் நிற்க இடம். மீதிப் பேர் திரையைப் பார்க்கட்டும்.

ஒருவேளை தோட்டத்துக்குப் பதில் நகரத்தில் கடைவீடு கிடைத்தால்: 20 அடி அகலத்தில் சுவர் போக ஏறத்தாழ 5.8 மீட்டர் மிஞ்சும். இருபுறமும் 2.3 மீட்டர் ஆழத்தில் தடுப்பறைகள், நடுவில் 1.2 மீட்டர் வழி. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். இடக்கைப் பழக்கமுள்ள மாணவர் மறுபக்கம் வந்து உட்கார வேண்டும். நானும் இடக்கைக்காரன்தான், வரைபலகையில் பட்டது போதும். திரைச்சீலையும் வேண்டாம், துடைக்கக்கூடிய மடிப்புத் தடுப்பு போடுங்கள். அறைகளில் இரண்டுக்காவது பூட்டும் கதவு வேண்டும், பெண்களுக்கு. துணைக்கு வரும் அக்காவோ பாட்டியோ உட்கார வெளியே ஒரு பெஞ்சு.

மார்ச் 12

கையைப் பழக்குவது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பால்மரம் சீவ அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்ததும் ஏறத்தாழ இதே பாடம். பட்டைக்கு உள்ளே பால் இருக்கிறது, அதற்கும் உள்ளே மரத்தின் உயிர்ப்பகுதி. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் சொச்சம். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரம் காயப்பட்டு முடிச்சு விழும், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் திட்டுவார். புதியவர்களை நல்ல மரத்தில் விடமாட்டார்கள். வெட்டிப்போடப் போகும் கிழட்டு மரத்தில் பழகிய பிறகுதான் வரிசை கிடைக்கும். ஊசிக்கும் அப்படிக் கிழட்டு மரம் வேண்டும்.

பழகச் சிலிக்கான் தோல் விற்கிறார்கள், வாழைப்பழத்திலும் பழகுவார்கள். நமக்கு இன்னும் நல்லது பம்பளிமாஸ். ஈப்போ பக்கம் தம்புனிலிருந்து வருவது, தோல் தடிப்பு, உருண்டை, தோள்பட்டையில் குத்துவதுபோலவே வளைவு. குத்தி முடித்துத் தோலை உரித்துக் குப்பையில் போடுங்கள், சுளையைத் தின்ன ஆசைப்படாதீர்கள்.

வெளிநாட்டுக் கூடங்களில் பன்றித் தோலில் பழகுகிறார்கள். மனிதத் தோலுக்கு நெருக்கமானது அதுதான் என்று சொல்வார்கள். மலேசியாவில் அதை வைப்பதென்றால் தனிக் குளிர்ப்பெட்டி, தனித் தொட்டி, தனி மேசை, தனிக் கழிவு வழி. துப்புரவு வேலைக்கு வரும் அக்கா முஸ்லிமாக இருக்கலாம். பக்கத்துக் கடைக்காரர் இருக்கலாம். தரைப்படத்தில் ஒரு மூலையில் ஒளித்துவிட்டு யாருக்கும் தெரியாது என்று இருக்காதீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். சிலிக்கானும் பம்பளிமாஸும் போதும்.

மார்ச் 15

என் பாட்டியின் இடது முன்கையில் ஒரு கோலம் இருந்தது. விளக்குக் கரியையும் இலைச்சாற்றையும் குழைத்து, ஊர்ஊராக வரும் குறத்தி குத்தியது, கப்பல் ஏறுவதற்கு முன்பு. நான் பார்க்கும்போது அது நீலமும் பச்சையும் கலந்த ஒரு மங்கல். புள்ளிகள் பரவிப் பக்கத்துப் புள்ளிகளோடு சேர்ந்துவிட்டன; தோல் சுருங்கிய இடத்தில் கோடு இரண்டாகப் பிளந்து தெரிந்தது. எத்தனை புள்ளி என்று எண்ணச் சொல்லி அடம்பிடிப்பேன். ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பச்சை குத்தும் கூடங்களின் சுவரில் அன்றே குத்திய, பளபளக்கும் படங்கள்தாம் தொங்குகின்றன. மாணவர் பார்க்க வேண்டியது பத்து, முப்பது, ஐம்பது ஆண்டு கழித்து மை எப்படிப் பரவுகிறது என்பது. நெருக்கமாக வரைந்தால் பிற்காலத்தில் கறை மட்டுமே மிஞ்சும். உங்கள் நடைபாதையின் நீளச் சுவரை முழுக்கப் பழைய கைகளின் படங்களுக்கு ஒதுக்குங்கள். தோட்டத்துப் பாட்டிமார்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் கையை நீட்டுவார்கள்.

மார்ச் 17

கண்ணாடி பற்றி மீண்டும் யோசித்தேன். சுற்றிலும் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் முழுக்க மூடிய கட்டடமும் இந்த ஊரில் ஆபத்து. பச்சை என்றதும் பெற்றோர்களுக்கு நினைவு வருவது குண்டர் கும்பல். சன்னலை அடைத்த கட்டடத்துக்குள் பையன்கள் போய்வந்தால், உள்ளே என்ன நடக்கிறது என்று ஊரே ஒரு கதை கட்டிவிடும். நான் சொன்ன ஈப்போ கூடத்தில் இருபத்துநாலு மணி நேரமும் இரும்புக் கதவு பாதி இறங்கியே இருக்கும். அதைப் பார்த்தே நல்லவர்கள் படியேறவில்லை.

ஆகவே புகை வீட்டின் சாலைப்பக்கச் சுவரில் நீளமாக ஒரு கண்ணாடி வையுங்கள், வரைகூடத்துக்கு மட்டும். உள்ளே பிள்ளைகள் மேசையில் குனிந்து கோலமும் வேலும் மயிலும் வரைந்துகொண்டிருப்பதைக் கோயிலுக்குப் போகிற அம்மாக்கள் பார்க்கட்டும். மாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு வைத்தால் இன்னும் நல்லது. படுத்திருப்பவரை யாரும் பார்க்க வேண்டாம், வரைபவரை எல்லோரும் பார்க்கட்டும். உங்கள் "வெளியே நிற்பவர்களும் பார்க்க வேண்டும்" என்ற ஆசையும் இதில் நிறைவேறிவிடுகிறது.

மார்ச் 18

சரவாக்கிலிருந்து எழுதிய சகோதரிக்கு நன்றி, இது என் மனத்தில் இல்லை. சரவாக்கின் பழங்குடிகளான இபான் மக்களின் முறையில் ஊசியைக் குச்சியால் தட்டிக் குத்துகிறார்கள். தோள்களில் வரும் புங்காய் தெருங், அந்தக் கத்தரிப்பூ வடிவம், அப்படிக் குத்துவதுதான். ஒருவர் தட்ட, இன்னொருவர் தோலை இழுத்துப் பிடிக்க, வேலை நடப்பது பாயில். மலேசியாவில் பள்ளி கட்டிவிட்டு இதற்கு இடம் வைக்காமல் விட்டால் வெட்கம். ஒரு தடுப்பறையில் கட்டிலுக்குப் பதில் முழங்கால் உயரத்துக்கும் குறைவான அகல மேடை, மூன்று பேர் அமரும் அளவு, மேலே துடைக்கக்கூடிய விரிப்பு. விளக்கையும் அதற்கேற்பத் தாழ இறக்க வேண்டும்.

மார்ச் 21

விளக்கு. அறைச் சுவருக்கு நீலப்பச்சை அடித்திருக்கிறீர்கள், உங்கள் திட்டத்தின் மாதிரிப் படத்தில் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. அந்த நிறம் தெறித்துத் தோலில் விழும்; மாணவர் சிவப்பைத் தவறாகக் கலப்பார். வெளிர் சாம்பல் அடியுங்கள், வண்ணத்தை வரைகூடத்தில் காட்டிக்கொள்ளுங்கள்.

கட்டிலின் மேல் 1,000 லக்ஸுக்குக் குறையாத ஒளி, நிறம் 5,000 கெல்வின் பக்கம், நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கான குறியீடு 90-க்கு மேல். கூரை விளக்கு மட்டும் போதாது. கையோடு நகரும் இரண்டு விளக்குகள், இருபுறமும், அப்போதுதான் கை நிழல் கோட்டின் மேல் விழாது. நம் கறுத்த தோலில் ஊதாக் கோடு மங்கித் தெரியும், மேலே தடவும் வாசலினும் பளபளக்கும்; விளக்கைச் சாய்த்தால்தான் கண் கூசாமல் கோடு தெரியும். வெள்ளைத் தோலை வைத்து எழுதிய கையேடுகளில் இதைத் தேடாதீர்கள். உங்கள் கையிலேயே ஒரு கோடு ஒற்றி, விளக்கைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

மார்ச் 24

மிச்சம் மீதி.

இடி மழையில் மின்சாரம் போகும். விளக்கு அணையும் நொடியில் ஊசி தோலுக்குள் இருக்கலாம். கட்டில் விளக்குகளுக்கு மட்டுமாவது மின்கலத் தாங்கல் வையுங்கள். ஆட்டோகிளேவ் பாதியில் நின்றால் முழுச் சுற்றையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும், அதற்குத் தனி மின்சுற்று.

குளிர்சாதனத்தின் காற்று வெற்று முதுகில் நேராக அடிக்கக் கூடாது. நடுங்கினால் கோடும் நடுங்கும். நடுவழியில் வீச விட்டு, அறைக்குள் மெதுவாகப் பரவ விடுங்கள். வரைகூடத்துக்கு மின்விசிறி போதும்.

தரை: ஓடு வேண்டாம், இணைப்பில் மை ஊறும். தையல் தெரியாத வினைல் விரிப்பு, சுவரோரம் பத்து சென்டிமீட்டர் வளைந்து மேலேறட்டும். பழைய கடைவீட்டில் மொசைக் தரை கிடைத்தால் மெருகேற்றி அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

நடுவர்களுக்கு மாதிரி செய்யும்போது கூரையைக் கழற்றும்படி செய்யுங்கள், சிவப்புக் கோட்டையும் நீலக் கோட்டையும் நூலால் ஒட்டிவிடுங்கள். முகப்பைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லுங்கள், நீங்களாகத் தொடங்க வேண்டாம். 1:50 வெட்டுப்படம் தயாரானதும் இங்கேயே போடுங்கள். கழிவைப் பூட்டிவைக்கும் அறைக்கும் கருவி அறைக்கும் நடுவே இருக்கும் அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று முதலில் பார்ப்பேன்.